மெஷின் வந்தாச்சு, சரி. கணக்கை யார் பார்ப்பது?

சின்னத் தீவு நாடுகளில் நோய்க் கண்காணிப்பை வலுப்படுத்துவது பற்றிய அறிக்கைகளில் எனக்கு ஒரு குறை. எல்லாம் ஆய்வகத்தில் தொடங்கி ஆய்வகத்திலேயே முடிந்துவிடுகின்றன. பிசிஆர் மெஷின், கிட், பயிற்சி. வேண்டியதுதான். மாதிரியை விமானம் ஏற்றிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் நாட்டுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆனால் சமோவாவைப் பாருங்கள். மக்கள்தொகை சுமார் 2 லட்சம். 2018 ஜூலையில் தடுப்பூசி மருந்தைத் தவறான திரவத்தில் கலந்து போட்டதில் இரண்டு குழந்தைகள் இறந்தன. திட்டம் மாதக்கணக்கில் நின்றது. மக்களுக்கு நம்பிக்கையும் போச்சு. அந்த ஆண்டு தட்டம்மை ஊசி போட்ட குழந்தைகள் சுமார் 31 சதவீதம்தான் என்பது உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் மதிப்பீடு. 2019 கடைசியில் தட்டம்மை பரவியது. 5,700-க்கு மேல் நோயாளிகள், 83 சாவு. பெரும்பாலும் பச்சைக் குழந்தைகள்.

இதில் எந்த மெஷின் குறைந்தது? ஆபத்து முன்கூட்டியே தடுப்பூசிக் கணக்கில் எழுதியிருந்தது. டிசம்பரில், ஊசி போடாத வீடுகளில் சிவப்புத் துணி கட்டச் சொல்லி, அரசு ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். அதுவும் கண்காணிப்புதான். சாவு விழுந்த பிறகு நடந்தது, அவ்வளவுதான். ஆய்வகத்துக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள், கதவைத் தட்டும் ஆளுக்கும் ஒதுக்கட்டும்.