வராமல் போனவர்கள் எந்தக் கணக்கில்?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகிறவர்கள் மரக்காணத்து உப்பளங்களைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். போன மாசியில் அங்கே ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "ஒண்ணுக்குப் போனா செவப்பா போவுது தம்பி. உப்பளத்துச் சூடு, வேறென்ன." வலி இருக்கா என்று கேட்டேன். "வலியெல்லாம் இல்ல, அதான் கண்டுக்கல." மோர் குடிக்கிறாராம், வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடுகிறாராம். கையில் பீடி. யூரின் டெஸ்ட் எடுத்துப் பாருங்க, டாக்டரைக் கண்டிப்பா பாருங்க என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அவர் போனாரா என்று தெரியாது.

வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம் வருவதற்குத் தொற்று, கல் என்று சாதாரண காரணங்களும் உண்டு. ஆனால் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமும் பெரும்பாலும் அதுதான். அந்த நோய்க்குப் புகையிலை முக்கியக் காரணம். பெண்களுக்கு இன்னும் சிக்கல். நீர்க்கடுப்பு, யூரின் இன்ஃபெக்ஷன் என்றே மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பார்கள், நோய் தாமதமாகத்தான் பிடிபடும். தலையில் உப்புக்கூடை சுமக்கிற பெண்களை நினைத்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்து ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்க ஆரம்பித்தேன்.

இந்த நோயில் யார் எவ்வளவு காலம் இருப்பார் என்பதைக் கணிக்கும் காரணிகள் ஓரளவு தெளிவாகவே தெரிந்தவை. கட்டி சிறுநீர்ப்பையின் தசைக்குள் இறங்கிவிட்டதா என்பதுதான் பெரிய பிரிவினை. இறங்காத கட்டிகளுக்கு ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பான இ.ஓ.ஆர்.டி.சி. 2006-ல் ஒரு மதிப்பெண் அட்டவணை கொடுத்தது. ஏழு மருத்துவச் சோதனைகளில் இருந்த 2,596 நோயாளிகள். கணக்கில் எடுத்தவை ஆறு: எத்தனை கட்டி, எவ்வளவு பெரிசு, முன்பு எவ்வளவு அடிக்கடி திரும்பி வந்தது, எவ்வளவு ஆழம், கூடவே மேற்பரப்பில் பரவும் வகை இருக்கிறதா, செல்கள் எவ்வளவு மூர்க்கமானவை. நேர்த்தியான வேலை, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த 2,596 பேருக்கும் பொதுவான இன்னொன்று உண்டு. அவர்கள் மருத்துவச் சோதனைகளில் சேர்ந்தவர்கள், அட்டவணை போட்டுக் கண்காணிக்கப்பட்டவர்கள். ஆறு காரணிகளில் 'திரும்பி வருவாரா' என்பது கிடையாது. அங்கே அந்தக் கேள்வி எழவே இல்லை.

நம் ஊர் ஆஸ்பத்திரிக் கட்டுரைகள் அதே காரணிகளை எடுத்து, அதே கேப்ளன்-மேயர் வரைகோட்டைப் போடுகின்றன. வராமல் போனவர்களை அதில் 'சென்சார்' செய்துவிடுவார்கள். சினிமா சென்சார் இல்லை, ஆனால் வெட்டு வெட்டுதான். கடைசியாக வந்த தேதிவரை உயிரோடு இருந்தார் என்று எழுதிவிட்டு, அதற்குப் பிறகு அவருடைய கதியும் தொடர்ந்து வருகிறவர்களின் கதி மாதிரியே இருக்கும் என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. பத்துப் பேர். நாலு பேர் முதல் வருடத்திலேயே வருவதை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு மீதி ஆறு பேரில் இரண்டு பேர் அஞ்சு வருடத்துக்குள் இறந்தார்கள். வரைகோடு 67 சதவீதம் பிழைத்ததாகச் சொல்லும். காணாமல் போன நாலு பேரும் இறந்திருந்தால் உண்மை 40. நாலு பேரும் சௌக்கியமாக இருந்தால் 80. இந்த இடைவெளிக்குள் எந்தக் காரணியின் கதையையும் எழுதலாம்.

இது வெறும் சந்தேகம் இல்லை. அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் சுவாமிநாதன், ராமா, டாக்டர் சாந்தா மூவரும் 2008-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் எழுதிய கட்டுரையைத் தேடிப் படியுங்கள். 1990 முதல் 1999 வரை சென்னைப் பதிவேட்டில் ஏறிய நோயாளிகளை முதலில் மாநகராட்சியின் இறப்புப் பதிவோடு ஒப்பிட்டார்கள். பெயர் பொருந்தாதவர்களை உயிரோடு இருப்பதாக வைத்துக்கொள்ளாமல் தேடிப் போனார்கள். அப்படித் தேடப்பட்டவர்களில், புற்றுநோயின் வகையைப் பொறுத்து, 15 முதல் 43 சதவீதம் பேர் ஏற்கெனவே இறந்திருந்தார்கள். இறப்புப் பதிவை மட்டும் நம்பியிருந்தால் பிழைப்பு விகிதம் கணிசமாகக் கூடுதலாகத் தெரிந்திருக்கும். எனக்கு அந்தக் கட்டுரையில் பிடித்ததே தங்கள் தரவையே சந்தேகப்பட்ட அந்தக் குணம்தான். குறையும் உண்டு. அவ்வளவு தேடியும் சில வகைகளில் 38 சதவீதம் வரை நிலை தெரியவில்லை. அதுவும் சென்னைக்குள்.

மரக்காணம் விழுப்புரம் மாவட்டம். மாநிலம் முழுக்கப் புற்றுநோய்ப் பதிவு செய்யும் திட்டம் 2012-ல்தான் வந்தது. நோயைப் பதிவது ஒரு வேலை, பதிந்தவர் என்ன ஆனார் என்று அறிவது வேறு வேலை.

ஏன் வராமல் போகிறார்கள்? சிகிச்சையையே பாருங்கள். தசைக்குள் இறங்காத, ஆனால் ஆபத்து அதிகமான கட்டியைச் சுரண்டி எடுத்த பிறகு பி.சி.ஜி. மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துவார்கள். வாரம் ஒன்றாக ஆறு. பிறகு மூன்று வருடம்வரை தவணை தவணையாக. முழு அட்டவணை 27 தடவை. ஒவ்வொரு தடவையும் மருந்தை இரண்டு மணி நேரம் அடக்கி வைக்க வேண்டும். அடுத்த ஆறு மணி நேரம் உட்கார்ந்துதான் போக வேண்டும், கழிவறையில் பிளீச்சிங் ஊற்ற வேண்டும். நடுநடுவே சிஸ்டோஸ்கோப்பி. இப்போது மரக்காணத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் புதுச்சேரி போய் வருகிற தினக்கூலியை யோசியுங்கள். மழை விட்டுத் தை, மாசியில் பாத்தி கட்டினால் அடுத்த மழைவரை உப்பு வாருகிற காலம். கூலி கிடைக்கிற மாதங்கள் அவைதான். ரத்தம் நின்றதும் "சரியாயிடுச்சு" என்று தோன்றிவிடும். இந்த நோயோ திரும்பித் திரும்பி வருகிற ரகம்.

ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது. வராதவர்களில் நல்ல சுகத்தோடு இருப்பவர்களும் இருப்பார்கள், எல்லாரையும் இறந்தவர் கணக்கில் போடுவதும் தப்பு. சரிதான். அதனால்தான் எத்தனை பேர் விட்டுப்போனார்கள், எந்த மாதத்தில், எவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர்கள் என்று கட்டுரையிலேயே அச்சிடச் சொல்கிறேன். கூடவே இரண்டு ஓரக் கணக்குகள்: எல்லாரும் இருந்தால் இவ்வளவு, எல்லாரும் போயிருந்தால் இவ்வளவு. இதற்குப் புது மென்பொருள் வேண்டாம். ஓ.பி. சீட்டில் ஊர்ப்பெயர் இருக்கிறது, இப்போது போன் நம்பரும் இருக்கிறது. அட்டவணையில் வயது, பால், கட்டியின் அளவு என்று வரிசையாகப் பன்னிரண்டு வரி போடுகிறவர்களுக்குப் பதின்மூன்றாவதாக 'வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தூரம்' என்று ஒரு வரி போட எவ்வளவு நேரமாகிவிடும்?