கையொப்பமும் தன்னடையாளமும்: ஹொக்குசாயின் பெயர் மாற்றங்கள்

ஜப்பானிய ஓவியர் கட்சுஷிகா ஹொக்குசாய் (1760–1849) தம் வாழ்நாளில் முப்பது அளவிலான பெயர்களைப் பூண்டவர். இதனைப் படைப்பாளியின் தன்னுரிமை வேட்கையாகக் காண்பது பெருவழக்கு. அப்பெயர்கள் எங்கிருந்து பெறப்பட்டன, யாரிடம் சென்றன, யாரை நோக்கி எழுதப்பட்டன என்று வினவினால் அப்பார்வை போதாது என்பது புலப்படும்.

தோக்குகவா ஆட்சிக்காலத்தில் (1603–1868) ஓவியரின் பெயர் பெரும்பாலும் குருமரபின் உடைமையாகவே இருந்தது. ஆட்சியாளரின் ஆதரவு பெற்ற கானோ குடும்பத்தில் தொழிலும் பெயரும் தலைமுறை வழியே கைமாறின. எடோ நகரின் மர அச்சோவியர்களும் இம்முறையைத் தழுவினர். கட்சுகாவா ஷுன்ஷோவிடம் பயின்ற ஹொக்குசாய், ஆசிரியர் பெயரின் முதலெழுத்தைத் தாங்கி, 1779 அளவில் 'ஷுன்ரோ' என்னும் பெயரில் அறிமுகமானார். பின்னர் 'சோரி' என்னும் மரபுப்பெயரை ஏற்றார். 1798இல் அதனை மாணவர் ஒருவருக்கு அளித்துவிட்டு, எம்மரபையும் சாராமல் 'ஹொக்குசாய்' எனத் தனித்து நின்றார்.

இவ்விடுதலைக்கும் ஓர் எல்லை உண்டு. மர அச்சோவியம் ஓவியர், செதுக்குநர், அச்சிடுநர், பதிப்பாளர் ஆகியோரின் கூட்டுத்தொழில், முதலீடு பதிப்பாளருடையது. 1830களின் தொடக்கத்தில் நிஷிமுராயா யோஹாச்சி வெளியிட்ட 'ஃபூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்' தொகுதியில் புகழ்பெற்ற பேரலை ஓவியம் உள்ளது. ஹொக்குசாய் என்பவரே இயிட்சு எனப் பெயர் மாற்றிக்கொண்டார் என்பதை அதன் கையொப்பம் அறிவிக்கிறது. துறந்த பெயரை மீண்டும் சுட்டுவானேன்? அப்பெயரை அறிந்து வாங்குவோர் பெருகியிருந்தனர் என்பதே பொருத்தமான விடையாகும். குருமரபிடமிருந்து மீண்ட பெயர் நகரச் சந்தையைச் சார்ந்து நின்றது.

எனினும், அனைத்தையும் வணிகமாகச் சுருக்குவதும் பொருந்தாது. இறுதிக்கால ஓவியங்களில் 'மன்ஜி' என்னும் பெயருடன் தம் அகவையையும் அவர் பொறித்தார். முதுமையிலும் கலைப்பயிற்சி வளரும் என்னும் அவரது நம்பிக்கை அவ்வெண்களில் வெளிப்படுகிறது. அது மரபு அளித்ததன்று, சந்தை கேட்டதுமன்று.

இவ்வாய்ப்பு அனைவர்க்கும் ஒப்ப அமையவில்லை. அவருடைய மகள் ஓயியும் தேர்ந்த ஓவியர். ஆயினும் அவர் கையொப்பமிட்ட படைப்புகள் மிகச் சிலவே. டோக்கியோ ஓட்டா நினைவு அருங்காட்சியகத்தில் உள்ள அவரது யோஷிவாரா இரவுக்காட்சியில், வழக்கமான இடத்தில் கையொப்பம் இல்லை. ஓயி, ஏய் என்னும் அவர் பெயர்களுக்குரிய எழுத்துகள் மூன்று விளக்குகளின்மேல் மறைவாக இடம்பெற்றுள்ளன. தந்தை பெயர்களை ஏற்றும் ஈந்தும் வாழ்ந்த அதே பட்டறையில் மகளின் பெயர் விளக்குகளின்மேல் ஒதுங்கியது. ஆதலின், முன்நவீன ஜப்பானியக் கலையில் தன்னடையாளத்தை ஆராய்வோர் ஹொக்குசாயின் பெயர்ப்பட்டியலோடு நின்றுவிடாமல், பெயர் பொறிக்கும் உரிமை எவரெவர்க்கு வாய்த்தது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.