வரிசை மாறினால் ஊர் மாறும்

இந்திய வானிலைத் துறை 1901 முதலான அன்றாட மழையளவைக் கால் பாகைக் கட்டங்களாகப் பிரித்துத் தருகிறது. ஆண்டுக்கு ஒரு பைனரி கோப்பு. திறந்தால் கிடைப்பது ஒரே நீள வரிசை: 365 நாள், நாளுக்கு அட்சரேகையில் 129, தீர்க்கரேகையில் 135 புள்ளிகள், மொத்தம் 63,56,475 எண்கள். கோவில்பட்டிக் கரிசலின் மானாவாரி விதைப்பை இந்தத் தரவைக் கொண்டு ஆராய்பவருக்கு முதல் வேலை, இவ்வரிசையை முப்பரிமாண அணியாக்குவது. பைத்தானின் நம்பை நூலகத்தில் அதற்கு ஒரே கட்டளை: ரீஷேப்.

அதன் அருமை, எண்களை அது இடம்பெயர்ப்பதே இல்லை. எத்தனை எண்களைத் தாண்டினால் அடுத்த நாள், எத்தனை தாண்டினால் அடுத்த அட்சரேகை என்ற கணக்கை மட்டும் மாற்றுகிறது. எவ்வளவு பெரிய கோப்பும் நொடிக்குள் வடிவம் பெறுகிறது.

குறையும் அங்கேதான் பிறக்கிறது. ரீஷேப் சரிபார்ப்பது பெருக்குத்தொகையை மட்டுமே. 365, 129, 135 என்பதற்குப் பதில் 129, 135, 365 என்று கொடுத்தாலும் மறுபேச்சில்லாமல் ஏற்கும். அந்த அணியில் கோவில்பட்டிக்குரிய கட்டத்தை (9.25 பாகை வடக்கு, 77.75 கிழக்கு) எடுத்தால் வருவது ஊரின் ஓராண்டு மழை அல்ல, பிப்ரவரி 2 என்ற ஒரே நாளில், 8.5 முதல் 9.25 பாகை வரை கடலும் கரையுமாகக் கிடக்கும் 365 புள்ளிகள். கடற்புள்ளிகளில் -999 என்ற குறி இருப்பதால் பிழை கண்ணில் படும். அந்தக் குறிகளை முன்பே பூச்சியமாக்கியிருந்தாலோ, வானம் பார்த்த பூமிக்குப் பொருத்தமான வறட்சியாகவே அது தோன்றும். ஆபத்து இதுதான். மொத்தச் சராசரியைப் பார்த்தும் பிடிக்க முடியாது. அது மாறுவதே இல்லை.

வாரங்களாக மடிக்கும்போது வேறு சிக்கல். 52 வாரம், 7 நாள் என்றால் 364, நம்பை மறுத்துவிடும். டிசம்பர் 31-ஐ வெட்டிவிட்டு மடிப்பது எளிது. ஆனால் வேளாண் வானிலைக் கணக்கில் கடைசி வாரத்துக்கு எட்டு நாள். லீப் ஆண்டில் ஒன்பதாம் வாரத்துக்கும் எட்டு. அங்கே வெறுமனே வாலை வெட்டினால் மார்ச் முதல் எல்லா வாரமும் ஒரு நாள் நகரும். விதைப்புக் காலத்தை வாரக்கணக்கில் சொல்லும் ஆய்வுக்கு இந்தக் குறுக்குவழியை நான் ஏற்கமாட்டேன்.

பரிமாணங்களுக்குப் பெயர் வைக்கும் எக்ஸ்அரே என்ற பைத்தான் நூலகம் நல்ல துணை. ஆனாலும் தவறாக மடித்த அணிக்கு அது தவறான பெயரையே சூட்டும். தெரிந்த மழையொன்றைத் தேடிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. 2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த ஆண்டுக் கோப்பின் 352-ஆம் நாளில், 8.5 வடக்கு, 78 கிழக்கை ஒட்டிய கட்டங்களில் அப்பெருமழை தெரியவில்லையென்றால், கோவில்பட்டிக்கான கணக்கைத் தொடங்கவே கூடாது.