ஒருவருக்கான கண்ணாடி

கைபேசியிலிருந்து தலை நிமிராத மனிதரை நிறுத்த வேண்டுமானால், கடையின் ஷோகேஸ் அவர் அசைவுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற வாதம் இன்று கேள்விக்கு இடமில்லாமல் ஒப்புக்கொள்ளப்படுகிறது. கண்ணாடி முன் எத்தனை பேர், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்ற கணக்கை அதற்குச் சான்றாக நீட்டுகிறார்கள். அந்த வாதமும் தவறு, சான்றும் தவறு.

இத்தகைய கண்ணாடிகளில் நன்மைகள் இல்லாமல் இல்லை. 2006இல் நியூயார்க்கின் மேடிசன் அவென்யூவில் ரால்ஃப் லாரன் கடை, பூட்டிய பிறகும் வெளியிலிருந்து கண்ணாடியைத் தொட்டே பொருள் வாங்க வழி செய்தது. பயனுள்ள ஏற்பாடுதான். இவற்றின் முன் குழந்தைகள் அடையும் குதூகலமும் உண்மையானது.

ஆனால் கடைக் கண்ணாடி, தெருவில் போகிற அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் உரியது. வாங்கக் காசில்லாதவர், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர், எதிர்ச்சாரியில் நிற்பவர் என யாரும் யாரையும் கேட்காமல் பார்க்கலாம். பார்த்ததற்காக எதுவும் செய்ய வேண்டியதில்லை. அசைவுக்கு இயங்கும் கண்ணாடி இந்தப் பொதுச்சொத்தைப் பிடுங்கி, முன்னால் நிற்கும் ஒருவர் கையில் கொடுக்கிறது.

2012இல் லண்டன் செல்ஃப்ரிட்ஜஸ் கடையின் கண்ணாடிகளில் நைக்கி நிறுவனம், உடல் அசைவை உணரும் கினெக்ட் கருவியைப் பொருத்தியது. ஒரு கண்ணாடி வழிப்போக்கர்கள் எவ்வளவு உயரம் குதிக்கிறார்கள் என்று அளந்தது. முதல் தலைமுறை கினெக்ட் ஆறு பேர் வரை இருப்பதை உணரும். மூட்டு மூட்டாகப் பின்தொடர்வது இரண்டு பேரை மட்டுமே. அந்தக் கடை இருக்கும் ஆக்ஸ்ஃபோர்ட் தெருவின் ஜனத்திரளில் இரண்டே பேர்! மற்றவர்கள் அவர்களுடைய முதுகைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் தங்கள் முறைக்குக் காத்திருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவரும், இரு கையிலும் பை சுமப்பவரும், நடுத்தெருவில் குதிக்கக் கூச்சப்படுபவரும் அந்த ஆட்டத்தில் சேரவே முடியாது. அப்படிக் காத்து நிற்பவரின் நேரத்தையும் ‘ஈடுபாடு’ என்ற கணக்கில் சேர்ப்பது மோசடி.

ஆளை நிறுத்த சென்சார் தேவையே இல்லை. 2009இல் டோக்கியோ கின்ஸாவின் ஹெர்மெஸ் கடைக் கண்ணாடியில் வடிவமைப்பாளர் டோகுஜின் யோஷியோகா ஒரு பட்டு ஸ்கார்ஃபைத் தொங்கவிட்டார். பின்னால் ஒரு திரை, அதில் ஒரு பெண்ணின் கறுப்பு-வெள்ளை முகம். அவள் உதடு குவித்து ஊதுகிறாள். ஸ்கார்ஃப் மெல்ல எழுந்து பறந்து மறுபடி தாழ்கிறது. அந்தக் கண்ணாடி யாரையும் அளக்கவில்லை, யாரிடமும் எதையும் கேட்கவில்லை. முதல் வரிசையில் நின்றவர் கண்டதை நிற்காமல் கடந்தவரும் கண்டார். ஊதுவதையும் பறப்பதையும் இணைத்துப் பார்த்தது அவரவர் மனம். பார்வையாளரின் பங்கேற்பு என்றால் எனக்கு அதுதான், கையை ஆட்டுவதல்ல.

பார்ப்பவரைச் சும்மா நிற்கும் சோம்பேறியாக நினைப்பவர்களே அவருக்கு வேலை கொடுக்கத் துடிக்கிறார்கள். ஒரு ஷோகேஸை எடைபோட, அதைத் தொட்டவரிடம் கருத்துக் கேட்டுப் பயனில்லை. தொடாமல், நிற்காமல் நடந்து போனவருக்கு அது என்ன தந்தது என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத கண்ணாடி, எத்தனை சென்சார் வைத்தாலும் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறது.