பச்சைப் புள்ளியும் மஞ்சள் வீடும்

வீட்டை இடிக்கப் போகிறோம் என்று மாநகர நிர்வாகம் எழுதிய கடிதம், இடிக்கப்படவிருந்த அந்த வீட்டின் தபால்பெட்டிக்கே வந்து சேர்ந்தது. வீட்டில் ஒருவரும் இல்லை. வெள்ளம் வந்துபோய் மாதக்கணக்காகியிருந்தது. குடும்பம் நாடெங்கும் சிதறிப்போயிருந்தது. கடிதத்தை எடுத்துப் படிக்க ஆளில்லாத நிலையில் 2006ஆம் ஆண்டு வீடு இடிக்கப்பட்டது.

சேரா எம். புறூம் எழுதி 2019இல் வெளிவந்து, அவ்வாண்டின் அமெரிக்கத் தேசிய நூல் விருதைப் பெற்ற 'த யெலோ ஹவுஸ்' (மஞ்சள் வீடு) என்ற நூலில் வருகின்ற சம்பவம் இது. இந்த இடத்தில் நூலை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். எவரும் திறக்காத தபால்பெட்டிகளைப் பற்றி எங்களுக்கும் கொஞ்சம் தெரியும். ஆனாலும் அந்த உருக்கத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, இந்த நூலையும் அதற்கு முன்னர் வந்த ஸ்பைக் லீயின் விவரணப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கேள்வியைக் கேட்க விரும்புகிறோம். மூழ்கிய நகரத்தை மீளக் கட்டுவதா, இடித்துவிட்டுப் போவதா என்ற கேள்வியை யார் கேட்கிறார்கள்? எங்கே நின்றுகொண்டு கேட்கிறார்கள்?

கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கியது 2005 ஆகஸ்ட் 29இல். அணைகள் உடைந்து நியூ ஓர்லியன்ஸ் நகரின் ஏறக்குறைய 80 வீதமான பகுதி நீருக்குள் போனது. அந்தச் சூறாவளியால் இறந்தோர் தொகையை நெடுங்காலம் 1833 என்றே எழுதிவந்தார்கள். 2023இல் அமெரிக்கத் தேசிய சூறாவளி மையம் அதனை 1392 எனத் திருத்தியது. செத்தவர்களை எண்ணி முடிக்க இத்தனை ஆண்டுகள் பிடித்தன. நகரத்தின் தலைவிதியைப் பேசுவதற்கோ ஒரு வாரம்கூடத் தேவைப்படவில்லை. தண்ணீர் வடியுமுன்பே, பிரதிநிதிகள் சபையின் அன்றைய சபாநாயகர் டெனிஸ் ஹாஸ்டர்ட், கடல்மட்டத்திற்குக் கீழே கிடக்கும் ஊருக்குக் கோடிக்கணக்கில் கொட்டுவதில் அர்த்தமில்லை, அதில் பெரும்பகுதியைப் புல்டோசர் போட்டுத் தள்ளலாம் என்ற பொருள்படப் பேசினார். நகரத்தைக் கைவிடச் சொல்லவில்லை என்று பின்னர் விளக்கமும் கொடுத்தார். செப்டெம்பர் முதல் வாரத்தில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் புவியியற்பியலாளர் கிளவுஸ் யாக்கோப், 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையில் அதே கேள்வியை வேறு குரலில் எழுப்பினார்: டெல்டா நிலம் அமிழ்கிறது, கடல் உயர்கிறது, அணையை உயர்த்த உயர்த்த அடுத்த அழிவும் பெரிதாகும், அப்படியிருக்க ஏன் மீளக் கட்டவேண்டும்?

ஹாஸ்டர்ட்டை அந்நாட்களில் நாங்கள் எல்லோரும் திட்டினோம். யாக்கோப்பை நாங்கள் வாசிக்கவில்லை. இது எங்கள் வாசிப்பின் குறை. இருவரும் கேட்டது ஒரே கேள்வியல்ல. (ஹட்சன் நதிக்கரையில் இருந்த யாக்கோப்பின் சொந்த வீட்டுக்குள்ளும் 2012இல் சாண்டிப் புயலின் வெள்ளம் புகுந்தது. அவருடைய வாதத்தின் வலுவை இது குறைக்கவில்லை. கூட்டியது என்றுகூடச் சொல்லலாம்.)

'கடல்மட்டத்திற்குக் கீழுள்ள நகரம்' என்ற வாசகம் அன்று எல்லாத் தொலைக்காட்சிகளிலும் ஓடியது. அது பாதி உண்மை. 1718இல் பிரெஞ்சுக்காரர் இந்த நகரை மிசிசிப்பி ஆறே வண்டல் போட்டு உயர்த்திய கரையில்தான் அமைத்தார்கள். உல்லாசப் பயணிகள் படம் எடுக்கும் பிரெஞ்சு வட்டாரம் இன்றும் அந்த மேட்டில்தான் இருக்கிறது. கத்ரீனா அதைப் பெரிதாகத் தொடவில்லை. பின்புறத்துச் சதுப்பு நிலத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய பம்புகளை வைத்து வடித்தார்கள். ஈரம் போன மண் சுருங்கி அமிழ்ந்தது. கடல்மட்டத்தை ஒட்டிக் கிடந்த நிலத்தை மனிதர்களே கடல்மட்டத்திற்குக் கீழே இறக்கினார்கள். அப்படியிருந்தும், நகரப்பகுதியின் ஏறக்குறைய அரைவாசி இன்றும் கடல்மட்டத்திலோ அதற்கு மேலேயோதான் இருக்கிறது என்று புவியியலாளர் ரிச்சர்ட் கம்பனெல்லா 2007இல் அளந்து காட்டினார்.

மேடு எது, பள்ளம் எது என்பதும் நாங்கள் நினைப்பதுபோல் இல்லை. கறுப்பின மக்களின் அழிவுக்குக் குறியீடாகிப்போன கீழ் ஒன்பதாம் வட்டாரத்தின் ஆற்றோரப் பகுதி மேட்டு நிலம். வெள்ளை நடுத்தர வர்க்கத்தினர் வாழ்ந்த லேக்வியூ, நகரத்தின் மிகத் தாழ்ந்த பகுதிகளில் ஒன்று. இரண்டும் மூழ்கின. லேக்வியூ பெரும்பாலும் எழுந்துவிட்டது. கீழ் ஒன்பதாம் வட்டாரத்தில் வீடிருந்த இடங்களில் புல் நிற்கிறது. தாழ்ந்த நிலத்தில் வாழக்கூடாது என்ற விதி உண்மையிலேயே நிலத்தைப் பார்த்து எழுதப்பட்டிருந்தால் இது தலைகீழாக நடந்திருக்கவேண்டும்.

ஸ்பைக் லீயின் 'வென் த லெவீஸ் புறோக்' 2006 ஆகஸ்ட்டில் வந்தது. எங்கள் ஊர்ப்பேச்சில் சொல்வதானால் 'கட்டு உடைஞ்சபோது'. நான்கு அங்கங்கள், நான்கு மணித்தியாலத்திற்கும் மேல். படத்திற்கு இசையமைத்த ரெறன்ஸ் பிளாஞ்சார்ட் தன் தாயை அழைத்துக்கொண்டு அவருடைய வீட்டுக்குத் திரும்பிப்போகும் காட்சி ஒன்று உண்டு. கதவு திறக்கிறது, தாய் உடைந்து அழுகிறார். கமெரா விலகவில்லை. இத்தகைய காட்சிகளைக் கண்டு நாங்கள் சலித்துப்போனவர்கள். ஆயினும் இது நின்றுவிட்டது.

அணையை வெடிவைத்துத் தகர்த்தார்கள் என்று நம்பும் கீழ் ஒன்பதாம் வட்டாரத்து மக்களையும் லீ பேச விடுகிறார். இதை வதந்திக்கு மேடை போட்டுக்கொடுத்ததாகக் கண்டித்தவர்கள் உண்டு. நாங்கள் அப்படி நினைக்கவில்லை. 1927 பெருவெள்ளத்தில், நகரத்தைக் காப்பாற்றவென்று கேர்னார்வொன் என்ற இடத்தில் அதிகாரிகளே அணையை வெடிவைத்து உடைத்து, கீழே இருந்த எளிய சனங்களின் ஊர்களை மூழ்கடித்தார்கள். வாக்களித்த நட்டஈடும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. 1965இல் பெற்சி சூறாவளி வந்தபோது அதே வட்டாரம் மூழ்கியது. 2005இல் வெடி வைக்கப்படவில்லை. நடந்தது வேறு. 17ஆம் தெருக் கால்வாயிலும் லண்டன் அவெனியூக் கால்வாயிலும் நீர், சுவரின் உச்சியை எட்டுமுன்பே சுவர்கள் சரிந்தன. வடிவமைப்பிலே பிழை இருந்ததை இராணுவப் பொறியியற் படையணி 2006இல் ஒப்புக்கொண்டது. ஆனால் வெள்ளத்தடுப்பு வேலைகளால் வரும் சேதத்துக்கு அரசு பொறுப்பல்ல என்று 1928ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தைக் காட்டி 2008இல் நீதிமன்றம் கால்வாய் வழக்கைத் தள்ளுபடி செய்தது. வெடியை நம்புகிறவன் தகவலில் பிழைவிடுகிறான். வரலாற்றை அவன் சரியாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறான். லீக்கு இது புரிந்திருக்கிறது.

அவர் சறுக்குவது வேறிடத்தில். படம் முழுவதும் நகரம் ஒரே குரலில் அழுகிறது, ஒரே குரலில் கோபப்படுகிறது. இந்த நிலத்தில் மறுபடி குடியிருப்பது சரிதானா என்பதை எதிரியின் கேள்வியாகவே பாவித்துப் படம் கடந்துபோகிறது. நான்கு மணித்தியாலத்தில் அதற்குக் கிடைக்கும் இடம் சொற்பம். பாதிக்கப்பட்டவர்களே தமக்குள் கேட்டு, நித்திரையில்லாமல் கிடந்த கேள்வி அல்லவா அது!

அந்தக் கேள்வியை எப்படிக் கேட்கக்கூடாது என்பதற்கு 2006 ஜனவரி நல்ல உதாரணம். மாநகர முதல்வர் ரே நேகின் நியமித்த ஆணைக்குழு ஒரு திட்டத்தை வெளியிட்டது. மூழ்கிய பகுதிகள் தாங்கள் மீளக்கூடியவை என்று நான்கு மாதத்தில் நிரூபிக்கவேண்டும். அதுவரை கட்டட அனுமதி கிடையாது. பூங்காவாக்கக்கூடிய இடங்களைக் குறித்து உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு வரைபடம் வந்தது. அதில் பெரிய பச்சைப் புள்ளிகள். வேறு மாநிலங்களின் ஹொட்டேல் அறைகளிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தபடி, தங்கள் தெரு பச்சைப் புள்ளிக்குக் கீழே போய்விட்டதைச் சனங்கள் பார்த்தார்கள். சூழலியல் நோக்கில் அந்த வரைபடம் முட்டாள்தனமானதல்ல. ஆனால் ஊரில் இல்லாத ஒருவர், தன் ஊர் மீளும் என்று நான்கு மாதத்துக்குள் எப்படி நிரூபிப்பது? எதிர்ப்புக்குப் பயந்து நேகின் பின்வாங்கினார். புள்ளி விழுந்த புறோட்மூர் பகுதி, அந்த ஆத்திரத்திலேயே ஒன்றுதிரண்டு மீண்டது.

புள்ளிகள் அழிந்தன, வேலை வேறு வழியில் நடந்தது. வீடு கட்ட உதவும் 'றோட் ஹோம்' திட்டம், புயலுக்கு முந்திய வீட்டுப் பெறுமதி, திருத்தச் செலவு இரண்டில் எது குறைவோ அதைக் கணக்கிலெடுத்தது. கறுப்பின மக்களின் பகுதியில் வீட்டு விலை எப்போதும் குறைவு. ஓடும் பலகையும் ஆணியும் எல்லா இடத்திலும் ஒரே விலை. வழக்குப் போட்டு 2011இல்தான் அது இணக்கத்துக்கு வந்தது. 2007 டிசெம்பரில் நான்கு பெரிய அரசாங்கக் குடியிருப்புத் தொகுதிகளை, ஏறக்குறைய 4500 வீடுகளை, இடிப்பதென்று நகரசபை ஏகமனதாக வாக்களித்தது. அவை நின்று பிடித்த செங்கற் கட்டடங்கள். 2000இல் 484,674 ஆக இருந்த சனத்தொகை 2010இல் 343,829.

புறூமின் நூலுக்கு வருவோம். அவருடைய தாய் ஐவறி மே 1961இல், பத்தொன்பது வயதில், இறந்துபோன முதற்கணவரின் காப்புறுதிப் பணத்தில் அந்த வீட்டை வாங்கினார். வாசலில் நின்று சுட்டால் குண்டு பின்வாசலால் போகும் என்பார்களே, அந்த வகையான ஒடுங்கிய வீடு. இடம் நியூ ஓர்லியன்ஸ் கிழக்கு. சதுப்பை வடித்து, எதிர்கால நகரம் என்று விளம்பரம் செய்து விற்ற நிலம். பன்னிரண்டு பிள்ளைகளில் கடைசி புறூம். எங்களைக் கவர்ந்தது, வீட்டை அவர் புனிதப்படுத்தவில்லை என்பது. கத்ரீனாவுக்கு முன்பே அது உதிர்ந்துகொண்டிருந்தது. சிநேகிதர்களைக் கூட்டிவர வெட்கப்பட்ட பிள்ளைகள் அதில் வளர்ந்தார்கள். அந்த நிலத்தில் வீடு விற்றவர்களின் பொய்யையும், அதற்குள் தாய் கட்டியெழுப்பிய கௌரவத்தையும் ஒரே மூச்சில் அவரால் எழுத முடிகிறது. லீ தொடத் தயங்கிய இடம் இது.

புறுண்டிக்குப் போய் வேலைசெய்யும் பகுதி நூலில் தொங்கிக்கொண்டு நிற்கிறது. ஊர் திரும்பி நேகினின் அலுவலகத்தில் உரை எழுதுபவராக இருந்த காலத்தைப் பற்றிய பக்கங்கள் வேறு ரகம். நகரம் மீள்கிறது என்ற வாசகங்களைப் பகலில் எழுதுகிறவருக்கு, தன் தாய்க்கு வீடில்லை என்பது தெரியும். இன்னும் நீட்டியிருக்கலாம்.

நூலுக்கு வெளியே, அதே கிழக்குப் பகுதியில் இன்னொரு கதை உண்டு. வெர்சாய் என்று அழைக்கப்படும் குடியிருப்பில் 1975க்குப் பின் வந்த வியற்நாமிய அகதிகள் வாழ்ந்தார்கள். அவர்களில் பலர் 1954இலும் வடக்கிலிருந்து தெற்கே ஓடியவர்கள். மூன்றாவது தடவையாக 2005இல் ஓடி, சில வாரங்களில் தேவாலயத்தைச் சுற்றித் திரும்பி வந்தார்கள். அருகிலேயே புயற்குப்பை கொட்ட இடம் திறக்கப்பட்டபோது தெருவில் இறங்கி 2006இல் அதை மூடவைத்தார்கள். எஸ். லியோ சியாங் இயக்கிய 'எ வில்லேஜ் கோல்ட் வெர்சாய்' (2009) என்ற படம் இதைச் சொல்கிறது. அகதிகள் தமக்குச் சொந்தமில்லாத ஊருக்காகப் போராடியதைப் பார்த்துப் பெருமைப்படுவது எங்களுக்குச் சுலபம்.

எங்கள் கதையில் சுலபமில்லாத பகுதியும் இருக்கிறது. கத்ரீனாவுக்கு எட்டு மாதம் முன்னர்தான் சுனாமி வந்தது. தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரத்துக்கு வீடு கட்டக்கூடாது என்று இலங்கை அரசு அறிவித்தது. உல்லாச விடுதிகளுக்கு வழி விட்டார்கள். அரசின் பாரபட்சத்தைக் கண்டித்து நாங்கள் எழுதினோம். அதே நாட்களில் ஒரு பாடசாலை மண்டபத்தில் காசு சேர்க்கக் கூடியிருந்தபோது எங்கள் மேசையிலேயே ஒருவர் கேட்டார்: "உவை ஏன் கடலுக்குப் பக்கத்திலயே கிடக்கினம்? உள்ளுக்கு வந்து இருந்தால் என்ன?" இரண்டு மூன்று தலைகள் ஆடின. உள்ளுக்கு வந்தால் யாருடைய காணியில், எந்தக் கிணற்றில் தண்ணி அள்ளுவது என்று எவரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கரையில் இருந்தவர்களின் சாதி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வலிகாமம் வடக்கில் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் வீடுகள் தரைமட்டமானபோது ஹாஸ்டர்ட்டின் புல்டோசரை அடையாளம் கண்ட அதே ஆட்கள்தான் நாங்கள்.

2021இல், கத்ரீனாவின் அதே ஆகஸ்ட் 29ஆம் திகதி, ஐடா சூறாவளி வந்தது. 1450 கோடி டொலர் செலவில் எழுப்பிய புதிய அணைகள் தாங்கின. நகரம் முழுவதும் மின்சாரம் போனது. அணைக்கு வெளியே இருந்த லப்பிளாஸ் மூழ்கியது. யாக்கோப் சொன்னது பொய்த்துவிடவில்லை, மண் இன்னும் அமிழ்கிறது. ஒருநாள் சில தெருக்களை விட்டுப்போகத்தான் வேண்டிவரும் என்றே எங்களுக்குப் படுகிறது. அப்போது முதலில் போகவேண்டிய தெரு எது என்று பள்ளத்தைப் பார்த்துச் சொல்லட்டும், வீட்டு விலையைப் பார்த்தல்ல. இந்த இடத்தில் எங்களுக்குள் உடன்பாடில்லை. ஒருவர் இதையும் ஹாஸ்டர்ட்டின் பேச்சு என்றார்.

நூலில் திரும்பத் திரும்ப வருபவர் புறூமின் அண்ணன் கார்ல். வீடு போன பிறகும் அந்த வெறுங்காணிக்கு வந்து புல் வெட்டுகிறார், கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறார். எங்கள் காணிகளில் புல் வெட்ட ஆள் பிடித்து நாங்கள் இங்கிருந்து காசு அனுப்புகிறோம். கார்ல் தன் மெஷினைத் தானே கொண்டுவருகிறார்.