சந்தியாவுக்கு ரோல்கால் கிடையாது

விஜய் டிவியில் ‘ராஜா ராணி 2’ ஓடிய இரண்டரை வருஷமும், இரவுச் சாப்பாட்டுத் தட்டோடு அதன் முன்னால் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருத்தி. அல்லிநகரத்தில் எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலிருந்தும் அந்த நேரத்தில் அதே சத்தம்தான் வரும். சீரியல் பார்ப்பதை வெளியே சொல்ல வெட்கப்படும் தோழிகள் எனக்கு உண்டு. எனக்கு அந்த வெட்கம் இல்லை. எங்கள் ஊரை வெளியூர்க்காரர்களுக்கு அடையாளம் சொல்ல ‘பாரதிராஜா பிறந்த ஊர்’ என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. சினிமாவைப் பற்றி எழுத இங்கே ஆளுக்குக் குறைவில்லை. பெண்கள் தினமும் அரைமணி நேரம் பார்க்கிற கதையைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சந்தியாவுக்கு ஐ.பி.எஸ். ஆக வேண்டும் என்று ஆசை. கட்டிக்கொடுத்ததோ ஸ்வீட் கடை நடத்தும் சரவணனுக்கு. அவர் அதிகம் படிக்காதவர், தங்கமான மனிதர். மாமியார் சிவகாமிக்குப் படித்த மருமகள் என்றாலே ஆகாது. மனைவியின் கனவைத் தெரிந்துகொண்ட கணவன் அவளுக்குத் துணையாக நிற்கிறான். மாமியார் எதிர்க்கிறார், கோபிக்கிறார், அழுகிறார், கடைசியில் மனம் இளகுகிறார். 2020 அக்டோபரில் தொடங்கி 2023 மார்ச்சில் முடிந்த இந்தத் தொடர் ஸ்டார் ப்ளஸில் 2011 முதல் 2016 வரை ஓடிய ‘தியா அவுர் பாத்தி ஹம்’ என்கிற இந்தித் தொடரின் தமிழ் வடிவம். அந்த இந்தித் தொடரையும் முன்பே தமிழ்க் குரலில் நமக்குப் போட்டுக் காட்டினார்கள். அதற்கு வைத்த பெயர் ‘என் கணவன் என் தோழன்’.

ஒரு பெண் போலீஸ் அதிகாரி ஆகிற கதைக்கு அவள் புருஷனின் பெயரைத் தலைப்பாக வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவே இல்லை. உறைக்காததற்கு ஒரு விலை உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

2021இல் என் பழைய மாணவி ஒருத்தி என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தாள். சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வில் தேறி இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்குப் போனவள். பள்ளிக்கூட மைதானத்தில் விடியக் காலையில் 400 மீட்டர் ஓடிப் பழகியதையும், உயரம் 159 சென்டிமீட்டர் வேண்டுமே என்று வாரத்துக்கு ஒருமுறை சுவரில் கோடு போட்டுப் பார்த்ததையும் நான் அறிவேன். எங்கள் பக்கத்தில் அந்தக் காக்கிச் சட்டைக்குத் தனிக் கனம் உண்டு. குற்றப்பழங்குடிச் சட்டம் இருந்த காலத்தில், 1947இல் அது சென்னை மாகாணத்தில் நீக்கப்படும் வரைக்கும், பிறமலைக் கள்ளர் வீட்டு ஆண்கள் ரேகை பதித்துவிட்டு இரவில் போலீஸ் கண்காணிப்பில் போய்ப் படுக்க வேண்டியிருந்தது. அப்படிப் போய்ப் படுத்தவரின் மகள் அவளுடைய அப்பத்தா. பேத்தி யூனிபாரத்தோடு முதல்முறை வீட்டுக்கு வந்த அன்று, அந்தத் தொப்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாராம்.

அவள் என்னிடம் வந்தது கல்யாணப் பேச்சுக்காக. மூன்று வரன்கள் தட்டிப்போயிருந்தன. ஒரு வீட்டில், ‘டீச்சர் வேலைன்னா சரி, போலீஸ்னா ராத்திரியெல்லாம் வெளிய நிக்கணும்ல’ என்றார்கள். இன்னொரு வீட்டில், கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிடுவதாக இப்போதே சொல்லச் சொன்னார்கள்.

“என்ன டீச்சர் செய்ய? வேலையா, கல்யாணமான்னு வந்து நிக்குது.”

நான் சொன்ன பதில் எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. “ரெண்டும் வேணும்னா இருக்கலாம்த்தா. உன் வேலைக்குச் சம்மதிக்கிற பையனாப் பாத்துக் கட்டிக்க.”

தெளிவாகப் பேசிவிட்டதாக எனக்குப் பெருமை வேறு. அது என் புத்தியிலிருந்து வந்த பதில் இல்லை. தினமும் ராத்திரி பார்த்த தொடரிலிருந்து வந்த பதில்.

அவள் அப்படியே ஒரு பையனைக் கட்டிக்கொண்டாள். வாழைக்காய் மண்டிக்கு வண்டி ஓட்டுகிறவர், சரவணன் போலவே நல்லவர். வேலையை விடு என்று இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் அவர் கொடுத்த சம்மதம் காலை 7 மணி ரோல்காலுக்கு உதவவில்லை. பாலூட்டும் பெண்ணின் மார்பு நைட் ட்யூட்டியில் கட்டிக்கொண்டு வலிக்கும்போது உதவவில்லை. வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு மாவட்டமே தீச்சட்டி எடுக்கப் போகும். இவளும் போகிறாள், பந்தோபஸ்துக்கு. பிள்ளைக்கு நேர்ந்துகொண்ட வேண்டுதலை மூன்று வருஷமாகச் செய்ய முடியவில்லை. வண்டிக்காரருக்கும் விடியக்காலை லோடு. யாருமே வில்லன் இல்லாத இந்த வீட்டில் சோறு யார் வடிப்பது என்பதற்குச் சரவணனிடமும் பதில் கிடையாது.

சீரியலில் இது ஏன் பிரச்சினையாகவில்லை என்று யோசித்தால் அதன் சூட்சுமம் பிடிபடும். சந்தியா வாழ்வது கூட்டுக் குடும்பம். அவள் படிக்கிற நேரத்திலும் பயிற்சிக்குப் போகிற நேரத்திலும் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும். எரிய வைப்பது யார்? மாமியார், அப்புறம் ஓரகத்தி அர்ச்சனா. இந்த அர்ச்சனாவைப் பொறாமைக்காரியாக, சூழ்ச்சிக்காரியாக எழுதியிருக்கிறார்கள். அவள் செய்த காரியங்களுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் ஒருத்தி ஐ.பி.எஸ். ஆக வேண்டுமானால் வீட்டில் இன்னொருத்தி கூடுதலாக உழைக்க வேண்டும் என்ற கணக்கு அந்தக் கதைக்குள் இருக்கிறது. அந்தக் கணக்கால் மனம் புழுங்கக்கூடிய இடத்தில் இருக்கிறவளை வில்லியாக்கிவிட்டால், பிறகு யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். எங்கள் தெருவில் அர்ச்சனாவைத் திட்டாத வாய் இல்லை. என் வாயும் சேர்த்தி.

இன்னொன்று, இந்தக் கதைகளுக்கு யூனிபாரம் போடும் நாள்தான் சிகரம். கதாநாயகி விறைப்பாக சல்யூட் அடிப்பாள், மாமியார் கண் கலங்குவார். மறுநாள் காலை என்று ஒன்று அதற்குப் பிறகு வராது. வந்தால் தீவிரவாதிகள் வருவார்கள், வெடிகுண்டு வரும். இந்தி மூலத்தில் கடைசியில் கணவனும் மனைவியும் உயிர்த்தியாகமே செய்துவிடுகிறார்கள். இருபது வருஷம் சர்வீஸ் போட்டு, முட்டி தேய்ந்து, மகளின் பரீட்சை நாளில் லீவு கேட்டு நிற்கிற போலீஸ்காரியாக அவளை எழுத அவர்களுக்குத் தெரியவில்லை. சந்தியாவுக்கு ரோல்கால் கிடையாது.

இந்தத் தொடர் தொடங்குவதற்கு நான்கு மாதம் முன்பு, 2020 ஜூனில், சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஜெயராஜையும் பென்னிக்ஸையும் அடித்துக் கொன்றார்கள். அந்த இரவில் அங்கே பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், தான் கண்டதை நீதித்துறை நடுவரிடம் சொன்னார். பயந்துகொண்டேதான் சொன்னார் என்பது நடுவரின் அறிக்கையிலேயே இருக்கிறது. ‘போலீஸ் வேலைக்குப் பெண்கள் போய் என்ன ஆகப்போகிறது, அந்த லத்தி பெண் கையில் இருந்தாலும் லத்திதானே’ என்று என் தோழிகள் சிலர் வாதிடுவார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அன்றிரவு அங்கே ஒருத்தி இருந்ததால்தான் அந்தச் சாட்சி கிடைத்தது என்பதை நான் மறப்பதில்லை. சாட்சி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனவரை வீடு எப்படி எதிர்கொண்டது, அடுத்த ட்யூட்டிக்கு எந்த முகத்தோடு போனார் என்பதெல்லாம் எப்பேர்ப்பட்ட கதை! நம் சீரியல் எழுத்தாளர்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

சினிமா கொஞ்சம் திரும்பியிருக்கிறது. சுரேஷ் காமாட்சி இயக்கி 2019இல் வந்த ‘மிக மிக அவசரம்’ படத்தில் ஸ்ரீ பிரியங்கா ஒரு காவலர். பாலத்தின் மேல் பந்தோபஸ்து நிற்கிறாள். சிறுநீர் கழிக்கப் போக வேண்டும். வன்மம் பிடித்த மேலதிகாரி விடமாட்டேன் என்கிறான். கிட்டத்தட்ட படம் முழுக்க இதுதான். நாடகத்தனம் அதிகம், சில காட்சிகள் இழுவை. இருந்தாலும் போலீஸ்காரியின் உடம்பு என்று ஒன்று இருப்பதை ஒத்துக்கொண்ட படம். என் மாணவி அதைப் பாதியில் நிறுத்திவிட்டாள். ‘மிச்சம் எனக்குத் தெரியும் டீச்சர்’ என்றாள். ஆனால் அந்தப் படத்திலும் கெட்டவன் ஒருவன் தேவைப்படுகிறான். நல்ல மேலதிகாரி வாய்த்திருந்தால்? அப்போதும் அந்தப் பாலத்தில் கழிப்பறை இருந்திருக்காது. 2021 ஜூனில், முதலமைச்சர் செல்லும் வழியில் சாலையோரப் பாதுகாப்புக்குப் பெண் காவலர்களை நிறுத்த வேண்டாம் என்று உத்தரவு வந்தது. நல்லது, கால் வலி குறைந்தது. ஆனால் சாலையிலிருந்து பெண்ணை எடுத்துவிட்டார்கள், கழிப்பறை வந்தபாடில்லை.

தமிழ்நாட்டில் பெண்கள் காவல்துறைக்கு வந்தது 1973இல், 22 பேர். 1976இல் திலகவதியும் லத்திகா சரணும் ஐ.பி.எஸ். ஆனார்கள். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. ரோல்காலைக் காலை 7 மணியிலிருந்து 8 மணிக்குத் தள்ளிவைக்கும் அறிவிப்பு 2023 மார்ச்சில், பொன்விழாவில்தான் வந்தது. ஒரு மணி நேரத்தை நகர்த்த ஐம்பது வருஷம்! குழந்தைகள் காப்பகம், தனி ஓய்வறை, விடுதி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அந்த ஐம்பது வருஷமும் 7 மணிக்குப் போய் நின்றவர்களின் பிள்ளைகளுக்கு யார் தலை சீவினார்கள்? ஆண் காவலருக்கு இந்தக் கேள்வி எழவில்லை, ஏனென்றால் அவர் வீட்டில் சம்பளம் வாங்காத ஒருத்தி இருந்தாள். அவளையும் கணக்கில் சேர்த்துத்தான் காவல்துறை தன் நேர அட்டவணையைப் போட்டது. அந்த அட்டவணைக்குள் ஒரு பெண் காவலராக நுழைந்தால் அவளுக்கு ‘மனைவி’ கிடையாது. வேலையா குடும்பமா என்று அவளைத் தராசில் நிறுத்துகிறோமே, அந்தத் தராசுக் கல்லே இந்த இல்லாத மனைவிதான்.

‘சோனி’ என்று ஓர் இந்திப் படம், ஐவன் அய்ர் எடுத்தது, 2019இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. தில்லியில் இரண்டு போலீஸ்காரிகள். கீழ்நிலையில் சோனி, அவளுக்கு மேலதிகாரி கல்பனா. கல்பனாவின் கணவரும் பெரிய போலீஸ் அதிகாரி. மாமியார் அடிப்பதில்லை, திட்டுவதில்லை. குழந்தை எப்போது என்று மட்டும் மென்மையாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஒரே வேலை பார்க்கும் இருவரில் அந்தக் கேள்வி ஒருத்தியிடம் மட்டும் போகிறது. எந்தக் காட்சியிலும் அவளுக்கு அனுமதி வழங்கும் பெருந்தன்மையான ஆண் வருவதில்லை. கல்பனா சோனிக்கு ஒரு புத்தகம் கொடுக்கிறாள், அம்ரிதா ப்ரீதம் எழுதியது. பெரிய தீர்வு ஒன்றும் இல்லைதான். ஆனால் அந்த இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். சந்தியாவும் அர்ச்சனாவும் இரண்டரை வருஷத்தில் ஒருநாள்கூட அப்படிப் பார்த்துக்கொள்ளவில்லை.

சீரியலுக்கு வெளியே நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். சந்தியாவாக முதலில் நடித்த ஆல்யா மானசா 2022இல், இரண்டாவது குழந்தையைச் சுமந்திருந்தபோது தொடரிலிருந்து விலகினார். அந்த இடத்துக்கு ரியா விஸ்வநாதன் வந்தார். மறுநாள் சந்தியாவின் முகம் மாறியிருந்தது, கதை நிற்கவில்லை. கர்ப்பமும் வேலையும் ஒன்றாகப் போகுமா என்று வருஷக்கணக்கில் பேச வேண்டிய தொடர், தன் சொந்த செட்டில் கண்ட விடை ஆளை மாற்றுவதுதான். நாங்களும் ‘பழைய சந்தியாதான் நல்லாருந்துச்சு’ என்று இரண்டு நாள் பேசிவிட்டு விட்டுவிட்டோம்.

என் மாணவிக்கு 12 மாதம் மகப்பேறு விடுப்பு கிடைத்தது. எங்கள் அம்மாக்கள் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாதது. 2024 ஆகஸ்டில் இன்னோர் அறிவிப்பும் வந்தது. மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பும் பெண் காவலர்களுக்கு, பெற்றோரோ கணவர் வீட்டாரோ வசிக்கும் மாவட்டத்தில் மூன்று ஆண்டு பணி. அவள் வெளி மாவட்டத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்தாள். மகிழ்ச்சியில் எனக்கு ஜாங்கிரி வாங்கி வந்தாள். அரசின் அறிவிப்பை நானும் அப்போது கைதட்டித்தான் வரவேற்றேன். பெற்றோர் வீட்டுப் பக்கம் என்றால் என்ன அர்த்தம் என்று பிறகுதான் புரிந்தது. பிள்ளையை அம்மா பார்த்துக்கொள்வார் என்று அர்த்தம்.

அவளுடைய அம்மா நூல் மில்லில் ஷிப்ட் வேலை பார்த்தவர். பதினெட்டு வருஷ சர்வீஸ். பேத்திக்காக அந்த வேலையை விட்டுவிட்டார். மகள் காக்கியைக் கழற்ற வேண்டியதில்லை என்று நாங்கள் எல்லாரும் நிம்மதியாக இருந்த அந்த மாதத்தில், அதே வீட்டில் ஒருத்தி தன் வேலையைக் கழற்றி வைத்திருந்தார். யாரும் அவரிடம் வேலையா குடும்பமா என்று கேட்கக்கூட இல்லை. நானும் கேட்கவில்லை.

போன வாரம் இருவரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மகள் நைட் ட்யூட்டி முடித்த அலுப்பில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். பிள்ளை என் பேனாக்களை ஒவ்வொன்றாகக் கீழே போட்டுக்கொண்டிருந்தது. அவற்றைப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டே அந்த அம்மா, மகள் காதில் விழாதபடி மெதுவாகக் கேட்டார்:

“டீச்சர், இவளை பால்வாடில விட்டப்பறம் போனா மில்லுல மறுபடி சேத்துக்குவாகளா? எனக்கு அம்பதுதான் ஆகுது.”