டென்னிஸ் டேம்பனர்: காதுக்கா, கைக்கா?

டென்னிஸ் மட்டையின் ஸ்ட்ரிங்குகளுக்கு நடுவே செருகும் சின்ன ரப்பர் துண்டுதான் டேம்பனர். பட்டன் வகை என்றால் எடை 2, 3 கிராம்தான் இருக்கும். ‘முழங்கை வலிக்கு நல்லது’ என்று சொல்லித்தான் பலருக்கும் விற்கப்படுகிறது. பட்டன், நீள வகை, ரப்பர் பேண்ட் மூன்றையும் ஒரே மட்டையில் மாற்றி மாற்றிப் போட்டு ஆடிப் பார்த்தேன். மட்டை 16க்கு 19 பின்னல், அதாவது 16 மெயின் (நெடுக்கு), 19 கிராஸ் (குறுக்கு) ஸ்ட்ரிங்குகள். ஸ்ட்ரிங், மெல்லிய இழைகள் பல சேர்ந்த மல்டிஃபிலமென்ட்.

பட்டன்: நடுவில் உள்ள இரண்டு மெயின் ஸ்ட்ரிங்குகளை மட்டும் கவ்வும். ‘டிங்’ என்று இழுபடும் ஒலி ‘டப்’ என்று உடனே அடங்குகிறது. பந்து நடுவில் பட்டதா, ஓரத்தில் பட்டதா என்பது கைக்கு முன்போலவே தெரிகிறது. பலமான சர்வில் கழன்று விழுவதுதான் இதன் குறை. பள்ளம் ஆழமாக இருந்து, ஸ்ட்ரிங்குகளை இறுக்கிப் பிடிக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நீள வகை: பல மெயின் ஸ்ட்ரிங்குகளின் ஊடே நுழைத்து மாட்டுவது. சத்தத்தை அதிகம் அடக்குவது இதுதான், எளிதில் கழலாது. ஆனால் ஒலியை வைத்தே அடியைக் கணிப்பவர்களுக்கு இது ஒத்துவராது.

ரப்பர் பேண்ட்: ஆண்ட்ரே அகாசி பயன்படுத்தியது இதைத்தான். அகலமான பேண்டை நடு மெயின்கள் இரண்டிலும் சுற்றி முடிச்சுப் போட்டால் போதும். பட்டனைவிடக் கொஞ்சம் ஒலி மிஞ்சுகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. வெயில் பட்டுப் பட்டு ரப்பர் விறைத்துப்போகும் என்பதால் அவ்வப்போது மாற்ற வேண்டும்.

மூன்றிலும் மாறியது சத்தம் மட்டும்தான். காரணம் எளிது. ஸ்ட்ரிங்குகள் நொடிக்குச் சுமார் 500 முறை அதிர்கின்றன. நம் காதில் விழுவது அந்த அதிர்வு. கைக்கு வருவது சட்டத்தின் அதிர்வு. அது நொடிக்கு 100 முதல் 200 முறை. 300 கிராம் சட்டத்தை 3 கிராம் ரப்பரால் அடக்க முடியாது. பந்து ஸ்ட்ரிங்கில் தங்குவதும் 5 மில்லி விநாடி அளவுதான் என்பதால் வேகமோ சுழற்சியோ கூடப்போவதில்லை. நீங்களே சோதிக்கலாம்: டேம்பனரோடு பந்தை வேண்டுமென்றே மட்டையின் நுனிப் பக்கம் வாங்கி அடியுங்கள். சத்தம் அடங்கியிருக்கும், கையில் வரும் உதறல் அப்படியே இருக்கும்.

எங்கே மாட்டுவது என்பதற்கு விதி உண்டு. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதிப்படி, மெயினும் கிராஸும் பின்னிய பகுதிக்கு வெளியேதான் டேம்பனர் இருக்க வேண்டும். கடைசி கிராஸ் ஸ்ட்ரிங்குக்குக் கீழே, கைப்பிடிப் பக்கம் மாட்டுங்கள்.

யாருக்கு இது தேவை? இயற்கை கட் (விலங்குக் குடல் ஸ்ட்ரிங்), மல்டிஃபிலமென்ட் போட்டிருப்பவர்களுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும். பாலியெஸ்டரின் ஒலி ஏற்கெனவே மந்தமானது. அங்கே பெரிய மாற்றம் இராது. நடால் டேம்பனரோடு ஆடினார், ஃபெடரர் இல்லாமலே ஆடினார். இது முழுக்க அவரவர் காதின் விருப்பம்.

முழங்கை வலிக்கிறதென்றால் டேம்பனரை நம்பி நாள் கடத்தாதீர்கள். பாலியெஸ்டரை மாற்றி மென்மையான ஸ்ட்ரிங் போடுங்கள். டென்ஷனை 2, 3 பவுண்டு குறையுங்கள். கிரிப் அளவு கைக்குப் பொருந்துகிறதா, பேக்ஹேண்டில் பந்தைத் தாமதமாக அடிக்கிறீர்களா என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். அப்படியும் வலி நீடித்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ‘டிங்’ சத்தம் மட்டும்தான் தொந்தரவு என்றால், ஒரு பட்டனோ ரப்பர் பேண்டோ போதும்.